பாதியில் கைக்கு வரும் சூப்பர்ஹீரோ தொடர்: புதிய எழுத்தாளருக்கான முழு வழிகாட்டி

மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும் ஒரு சூப்பர்ஹீரோ காமிக்ஸ். இதுவரை எழுதியவர் விலகிவிட்டார், அடுத்த இதழிலிருந்து நீங்கள் எழுத வேண்டும். நாயகனை நீங்கள் உருவாக்கவில்லை, வில்லன்களையும் உருவாக்கவில்லை. கதை நடுவழியில் நிற்கிறது. வாசகர்களில் பலருக்கு உங்களைவிட அந்தத் தொடரைப் பற்றி அதிகம் தெரியும். இந்த நிலையில் இருப்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இரண்டு சிறு தொடர்களை இப்படிப் பாதியில் வாங்கி எழுதியிருக்கிறேன். அதன் பிறகு புதியவர்கள் எழுதும் மாதிரி ஸ்கிரிப்டுகளைப் படித்துக் குறிப்புச் சொல்லி வருகிறேன். திறமை போதாமல் தடுமாறியவர்கள் குறைவு. வேலையை வரிசை மாற்றிச் செய்து தடுமாறியவர்கள்தான் அதிகம். பெரும்பாலானவர்கள் முதலில் ஓர் அதிர்ச்சியை யோசித்துவிடுகிறார்கள்: யாரைக் கொல்லலாம், எந்த ரகசியத்தை உடைக்கலாம் என்று. அப்புறம் அந்த அதிர்ச்சிக்கு ஏற்றபடி நாயகனை வளைக்கிறார்கள். கீழே உள்ள வரிசை அதற்கு நேர் எதிரானது.

உதாரணங்களை அமெரிக்க நிறுவனங்களான மார்வெல், டிசி ஆகியவற்றின் தொடர்களிலிருந்து எடுத்திருக்கிறேன். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்து எழுதுவது அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கும் வழக்கம். நல்லதற்கும் கெட்டதற்கும் அங்கே சான்று உண்டு.

## 1. எழுத உட்காரும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

எடிட்டரிடம் ஐந்து விஷயங்களைக் கேளுங்கள். எத்தனை இதழ்கள் உறுதி? ஓவியர் யார், அவர் எத்தனை இதழ்களாக இந்தத் தொடரில் இருக்கிறார்? எந்தப் பாத்திரங்களைத் தொடக் கூடாது? வேறு தொடர்களோடு சேர்ந்து நடக்கும் பெரிய நிகழ்வு ஏதாவது வருகிறதா, வந்தால் எந்த மாதம்? முதல் ஸ்கிரிப்ட் என்றைக்கு வேண்டும்?

கடைசிக் கேள்வியின் பதில் உங்களைத் திடுக்கிட வைக்கும். அமெரிக்கச் சந்தையில் ஓர் இதழ் கடைக்கு வருவதற்குச் சுமார் 3 மாதம் முன்பே அதன் அட்டையும் இரண்டு வரிக் கதைக்குறிப்பும் கடைக்காரர்களுக்குப் போய்விடும். அதைப் பார்த்துத்தான் அவர்கள் எத்தனை பிரதி வேண்டும் என்று சொல்கிறார்கள். ஆக, உங்கள் முதல் இதழை ஒருவர் கூடப் படிக்காத நிலையிலேயே நான்காவது இதழ் எதைப் பற்றியது என்று வெளியே சொல்லியாக வேண்டும். முதல் இதழை மட்டும் எழுதிவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே நடக்காது.

உறுதியான இதழ்களின் எண்ணிக்கையை எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை. 12 இதழ் என்று நானாக நினைத்துக்கொண்டு திட்டம் போட்டேன், 7-இல் தொடர் நின்றது. கதையில் கிட்டத்தட்டப் பாதி சொல்லப்படாமலே போயிற்று. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

## 2. மூன்று முறை படியுங்கள், மூன்று விதமாக

முதல் முறை, கடைசி 24 இதழ்களைக் குறிப்பெடுக்காமல் ஒரே மூச்சில் படியுங்கள். எங்கே அலுப்புத் தட்டுகிறது, எங்கே பக்கத்தைத் திருப்பக் கை பரபரக்கிறது என்று உங்கள் உடம்பே சொல்லும். அதை இந்த முதல் வாசிப்பில் மட்டும்தான் பெற முடியும். அடுத்த முறை படிக்கும்போது நீங்கள் வாசகராக இருக்க மாட்டீர்கள்.

இரண்டாம் முறை நோட்டும் கையுமாக. யாருக்கு யாரைத் தெரியும், நாயகனின் முகமூடிக்குப் பின்னால் இருக்கும் முகம் எவருக்கெல்லாம் தெரியும், யார் எங்கே வேலை பார்க்கிறார்கள், யாரிடம் யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இதழ் எண்ணைக் குறியுங்கள். ஆறு மாதம் கழித்து ஓவியர் ஏதாவது சந்தேகம் கேட்கும்போது அந்த எண்தான் உதவும்.

மூன்றாம் முறை வசன பலூன்களைக் கையால் மறைத்துக்கொண்டு படம் மட்டும் பாருங்கள். இதைச் செய்யச் சொன்னால் புதியவர்கள் சிரிக்கிறார்கள், செய்து பார்த்தவர்கள் சிரிப்பதில்லை. எந்த இடம் படத்திலேயே புரிகிறது, எங்கே நான்கு இதழ்களாக ஆட்கள் அறைக்குள் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். தொடர் சோர்ந்து போனதற்கான காரணம் பாதி நேரம் அங்கேதான் இருக்கும்.

தொடரின் முதல் இதழையும் தவறாமல் படியுங்கள், ஆனால் கடைசியாக. முதலில் படித்தால் அந்தப் பழைய நாயகன் மேல் காதல் வந்துவிடும், இன்றைய நாயகனைத் திருத்த வேண்டிய ஆளாகப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள்.

## 3. கடன் பட்டியல் போடுங்கள்

முன்னவர் தொடங்கி முடிக்காமல் விட்டவை எல்லாம் இப்போது உங்கள் கடன். காணாமல் போன தங்கை, இருட்டில் நின்று பார்த்த ஆள், திறக்கப்படாத கடிதம். ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு இவற்றைப் பிரியுங்கள்: உடனே தீர்க்க வேண்டியவை, ஓராண்டுக்குள் தீர்க்கலாம் என்பவை, தொடாமல் விட்டால் யாரும் கேட்காதவை.

மூன்றாவது பத்தியில் இருப்பது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வாசகர் அந்தக் கேள்விக்காகக் காசு கொடுத்துக் காத்திருந்தவர்.

ஆலன் மூர் 1984 ஜனவரி இதழிலிருந்து டிசியின் 'ஸ்வாம்ப் திங்' தொடரை எழுத வந்தார். அவருடைய முதல் இதழ் தொடரின் 20-வது இதழ். அதில் அவர் செய்த முக்கியமான வேலை, முன்பு எழுதிய மார்ட்டின் பாஸ்கோ விட்டுச்சென்ற நூல்களை முடிச்சுப் போட்டது. இதழின் தலைப்பே அவிழ்ந்து தொங்கும் நூல் நுனிகளைக் குறிக்கும் சொல்தான். தொடரின் அடிப்படையையே மாற்றிய கதை அதற்கு அடுத்த 21-வது இதழில்தான் வந்தது. ஒரு முழு இதழைப் பழைய பாக்கிக்கு ஒதுக்கியதால், அடுத்த இதழில் வாசகரின் கவனம் முழுவதும் அவர் கையில் இருந்தது.

கடனே சொத்தாகவும் இருக்கும். பிரையன் மைக்கேல் பெண்டிஸ் 'டேர்டெவில்' தொடரை விட்டுப் போகும்போது நாயகன் மாட் மர்டாக் சிறையில் இருந்தான். 2006-இல் 82-வது இதழில் எட் புரூபேக்கர் எழுத வந்தார். வந்த உடனே நாயகனை வெளியே எடுத்துத் தனக்கு வசதியான இடத்தில் வைத்திருக்கலாம். அவர் செய்யவில்லை. தன் முதல் கதையை அந்தச் சிறைக்குள்ளேயே நடத்தினார். கண் தெரியாத ஒரு வக்கீல், தான் பிடித்துக் கொடுத்த குற்றவாளிகளோடு ஒரே கட்டடத்தில். முன்னவர் விட்ட நெருக்கடியைவிட நல்ல தொடக்கம் புதியவருக்கு எங்கே கிடைக்கும்?

புதியவர்கள் வழக்கமாகச் செய்வது, முதல் பக்கத்திலேயே 'ஆறு மாதங்களுக்குப் பிறகு' என்று போட்டு எல்லாவற்றையும் தாண்டிவிடுவது. இன்னும் மோசம், நடந்தது எல்லாம் கனவு அல்லது போலி ஆள் செய்தது என்பது. அப்படிச் செய்தால் உங்கள் கதையும் நாளை அதே மாதிரி கனவாகலாம் என்று வாசகருக்கு நீங்களே சொல்லிக்கொடுத்தது போல் ஆகிவிடும்.

## 4. தொடரை ஓட்டும் கேள்வி எது என்று கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் நேரம் அதிகம் செலவிட வேண்டிய படி இதுதான். மற்றவற்றை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். இதற்கு ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு நீண்ட தொடருக்கும் அடியில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். மாதாமாதம் புதிய கதையைப் பிறப்பிப்பது அதுதான். டேர்டெவிலுக்கு அது இப்படி: பகலில் நீதிமன்றத்தில் சட்டத்தை நம்பிப் பேசுகிறவன், இரவில் அதே சட்டத்தை மீறி அடிக்கிறான், இரண்டில் எவன் உண்மை? வில்லன் யாராக இருந்தாலும் இந்தக் கேள்வி தீராது. தீராமல் இருக்கும் வரை தொடர் ஓடும்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். தொடரை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வில்லன் பெயர் வரக் கூடாது, சக்தியின் பெயர் வரக் கூடாது. 'சுவரில் ஏறும் இளைஞன் நகரத்தைக் காக்கிறான்' என்பது உதவாது. 'அடுத்தவரைக் காப்பாற்றப் போகும் ஒவ்வொரு முறையும் தன் சொந்த வாழ்க்கையில் ஒன்றைத் தவறவிடுபவன்' என்பது உதவும். இரண்டாவது வாக்கியத்திலிருந்து இப்போதே மூன்று கதைகளை உங்களால் யோசிக்க முடியும். முதலாவதிலிருந்து சண்டை மட்டும்தான் வரும்.

சில தொடர்களில் அந்தக் கேள்வியே பழுதாகியிருக்கும். ஸ்வாம்ப் திங் அப்படித்தான் இருந்தது. அலெக் ஹாலண்ட் என்ற விஞ்ஞானி விபத்தில் சதுப்பு நில உயிராக மாறிவிட்டான், மீண்டும் மனிதனாக மாற வழி தேடுகிறான். மாறிவிட்டால் தொடர் முடிந்துவிடும். ஆகவே மாற மாட்டான் என்பது எல்லா வாசகருக்கும் தெரியும். விடை தெரிந்த கேள்வியை மாதாமாதம் கேட்டுக்கொண்டிருந்தது அந்தத் தொடர்.

மூர் 21-வது இதழில் என்ன செய்தார் என்று கவனியுங்கள். உறைந்து கிடக்கும் அந்த உடலை ஓர் ஆள் அறுத்துப் பார்க்கிறான். நுரையீரல் போல ஒன்று இருக்கிறது, ஆனால் அதைக் கொண்டு மூச்சு விட முடியாது. மூளை போல ஒன்று இருக்கிறது, ஆனால் அதைக் கொண்டு யோசிக்க முடியாது. இது செடியாக மாறிய மனிதன் இல்லை, தன்னை மனிதன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் செடி. ஹாலண்ட் எப்போதோ செத்துவிட்டான். 'எப்படித் திரும்பி மனிதனாவது' என்ற கேள்வி அங்கே செத்து, 'மனிதனே இல்லை என்றால் நான் யார்' என்ற கேள்வி பிறந்தது. இதற்கு விடை யாருக்கும் தெரியாது.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது, பழைய இதழ்களில் நடந்த ஒரு சம்பவத்தைக் கூட அவர் அழிக்கவில்லை என்பது. விபத்து நடந்தது, தேடல் நடந்தது, எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவற்றின் பொருள் மட்டும் மாறியது. நடந்து முடிந்த கதைக்குப் பிறகு புதிய உண்மை ஒன்றைச் சேர்ப்பதை வாசகர்கள் ரெட்கான் என்று சொல்கிறார்களே, அதற்கு நான் வைக்கும் சோதனை இது: உங்கள் புதிய உண்மையைத் தெரிந்துகொண்ட ஒருவர் பழைய இதழை எடுத்துப் படித்தால் அது கூடுதலாக வலிக்க வேண்டும். பழைய இதழ் வீண் என்று தோன்றினால் அந்த யோசனையைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வியைப் பழுது பார்க்காமல் பிடுங்கி எறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 'வொண்டர் வுமன்' சான்று. 1968-இல் அவளுடைய சக்திகள், உடை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, துணிக்கடை நடத்தும் சாதாரண உளவாளியாக ஆக்கினார்கள். புதுமைதான். ஆனால் அவளை அவளாக்கியது எதுவும் மிஞ்சவில்லை. 1973 தொடக்கத்தில் சக்திகளும் உடையும் திரும்பி வந்துவிட்டன.

## 5. நகரக் கூடாத ஆணிகளைக் குறியுங்கள்

கேள்வி கையில் கிடைத்த பிறகு, எதை எடுத்தால் நாயகன் வேறு ஆளாகிவிடுவான் என்று பட்டியல் போடுங்கள். மூன்று, அதிகம் போனால் நான்கு. மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம்.

நம் வாசகர்களுக்குப் பழக்கமான ஒருவரையே எடுத்துக்கொள்ளலாம். முத்து காமிக்ஸ் 1972-இல் தன் முதல் இதழாகக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, 1962-இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய தொடர். தொடக்கத்தை எழுதியவர் கென் பல்மர். அந்தக் கதையில் லூயிஸ் கிராண்டெல் சக்தி கிடைத்ததும் குற்றத்தில் இறங்குகிறவன். பின்னால் டாம் டல்லி எழுத்தில் அவன் உளவாளியாகிறான். குணம், தொழில், எதிரிகள் எல்லாம் மாறின. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைவது, இரும்புக் கை மட்டும் மறையாமல் தெரிவது, இந்த இரண்டும் மாறவில்லை. தமிழில் உளவாளி மாயாவியை மட்டுமே படித்து வளர்ந்தவர்கள் அவன் ஒரு காலத்தில் குற்றவாளி என்று கேள்விப்பட்டு ஆச்சரியப்படுகிறார்கள். ஆனாலும் முதல் கதையைப் பார்த்த உடனே 'அட, மாயாவி' என்று கண்டுகொள்கிறார்கள்.

## 6. திட்டம் போடும் முன் ஓவியரிடம் பேசுங்கள்

திட்டத்தை முடித்துவிட்டு ஓவியரிடம் கொடுப்பது மிகப் பரவலான தவறு. பல சமயம் ஓவியர் உங்களுக்கு முன்பிருந்தே அந்தத் தொடரில் இருக்கிறார். மூர் வருவதற்கு முன்பே ஸ்டீவன் பிஸெட்டும் ஜான் டாட்டில்பெனும் ஸ்வாம்ப் திங்கை வரைந்துகொண்டிருந்தார்கள். திகிலையும் அழுகலையும் வரைய அவர்களுக்கு இருந்த ஆசைதான் அந்தக் கதைகளின் உடல். ஃபிராங்க் மில்லர் டேர்டெவிலுக்கு 1979-இல் ஓவியராக வந்தவர், எழுத ஆரம்பித்தது 1981-இல்தான். அந்த இரண்டு வருடத்தில் எந்தக் காட்சி அந்தத் தொடரில் உயிரோடு வருகிறது என்று அவர் கை கற்றிருந்தது.

மூன்று கேள்வி கேளுங்கள். எதை வரைய ஆசை? எதை வரைந்து சலித்துவிட்டது? ஒரு மாதத்தில் எத்தனை பக்கம் நிதானமாக முடியும்? குதிரைப் படையையும் நெரிசலான சந்தையையும் ஒரே இதழில் கேட்டுவிட்டு, படம் அவசரமாக இருக்கிறது என்று வருந்துவது நியாயம் இல்லை.

## 7. பன்னிரண்டு இதழ்க் கட்டம்

இப்போதுதான் திட்டம். ஒரு பெரிய தாளை எடுங்கள். மேலே 1 முதல் 12 வரை இதழ் எண்கள். இடப்பக்கம் கதை இழைகள்.

டிசியின் 'லீஜியன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்' போல இருபதுக்கும் மேற்பட்ட நாயகர்கள் நடமாடும் தொடரை எழுதிய பால் லெவிட்ஸ் இப்படி ஒரு கட்டத்தை வைத்துத்தான் வேலை செய்தார். அதன் நடைமுறை எளிது. முதன்மைக் கதை ஒன்று முன்னால் ஓடும். அதே இதழில் இரண்டாவது இழை சில பக்கங்களில் சூடேறும். மூன்றாவது இழை ஒரு பக்கத்திலோ ஒரே ஒரு படத்திலோ விதையாக விழும். முதன்மைக் கதை முடியும்போது இரண்டாவது அதன் இடத்துக்கு ஏறும், மூன்றாவது இரண்டாவதாகும், புதிதாக ஒரு விதை விழும்.

நான் இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: ஒவ்வொரு கட்டத்திலும் பக்க எண்ணிக்கையை எழுதுவது. இதழுக்கு 20 பக்கம் என்றால் 14, 5, 1 என்று. நெடுக்காகக் கூட்டினால் 20 வர வேண்டும். கூட்டிப் பார்த்தால்தான் 26 பக்கக் கதையை 20-க்குள் திணிக்கப் பார்க்கிறோம் என்பது தெரிகிறது.

விதை எவ்வளவு சிறியதாக இருக்கலாம்? வால்ட் சைமன்சன் 1983-இல் 337-வது இதழில் 'தோர்' தொடரை எழுதி வரையத் தொடங்கியபோது, இருட்டில் யாரோ ஒருவன் பிரம்மாண்டமான ஆயுதம் ஒன்றைச் சம்மட்டியால் அடிக்கும் காட்சியை உள்ளே வைத்தார். யார் என்று சொல்லவில்லை. அந்த அடியின் ஓசை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தது. அவன் சுர்த்துர் என்ற நெருப்பு அரக்கன் என்று வெளிப்பட்டபோது வாசகர்கள் அவனுக்காக நெடுநாள் காத்திருந்தவர்களாக இருந்தார்கள். இவ்வளவுக்கும் அந்த விதைக்கு ஆன செலவு இதழுக்கு ஓரிரு பக்கம்.

கட்டத்தில் 6-வது இதழின் கீழும் 12-வது இதழின் கீழும் சிவப்புக் கோடு போடுங்கள். தொடர் அங்கே நின்றால் அதுவரை வந்தது ஒரு முழுக் கதையாக நிற்க வேண்டும். ஐந்தாறு இதழ்களைச் சேர்த்துத்தான் தொகுப்பு நூலாகப் போடுகிறார்கள் என்பது இன்னொரு காரணம். தொகுப்பை மட்டும் வாங்குபவருக்கு அதுதான் உங்கள் புத்தகம்.

## 8. முதல் இதழ்: புது வாசகருக்கு ஒரு கதவு, பழைய வாசகருக்கு ஒரு காரணம்

எழுத்தாளர் மாறும் இதழை எட்டிப் பார்க்கும் புது வாசகர்கள் உண்டு. அவர்களுக்காக முதல் 4 பக்கங்களுக்குள் நாயகனின் பெயர், சக்தி, அவனுக்கு இன்றைக்கு என்ன வேண்டும் என்ற மூன்றும் செயலில் தெரிய வேண்டும். சொன்னால் போதாது, நடக்க வேண்டும். பழைய வாசகருக்கு அது அலுப்பாக இருக்காதா என்று கேட்பார்கள். நாயகன் தன் சக்தியைப் புதிய ஒரு சிக்கலில் பயன்படுத்தினால் இருவருக்குமே அது புதுக் காட்சிதான்.

அதிர்ச்சியை இந்த இடத்தில் யோசியுங்கள். கேள்வி, ஆணிகள், ஓவியர், திட்டம் எல்லாம் தெரிந்த பிறகு வரும் அதிர்ச்சி தொடருக்கு உள்ளிருந்து வரும்.

மறுபடி சைமன்சனின் அதே இதழ். தகுதி உள்ளவன் எவனோ அவனே இந்தச் சுத்தியலை ஏந்தித் தோரின் ஆற்றலைப் பெறுவான் என்ற விதி 1962 முதல் அந்தத் தொடரில் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த விதி. அப்படியானால் தோர் தவிர வேறு ஒருவனும் தகுதி உள்ளவனாக இருக்கலாம் அல்லவா? குதிரை முகம் கொண்ட ஓர் அந்நிய உயிர், பார்த்த மாத்திரத்தில் அரக்கன் என்று நாம் முடிவு கட்டிவிடும் பீட்டா ரே பில், அந்தச் சுத்தியலைத் தூக்கிவிடுகிறான். அட்டையில் அவன் தொடரின் பழைய பெயர்ப் பலகையையே நொறுக்கிக்கொண்டு வருகிறான். சைமன்சன் எந்த விதியையும் உடைக்கவில்லை. எழுதி வைத்திருந்த விதியை அப்படியே நம்பினார்.

உங்கள் தொடரிலும் இப்படி எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஒரு வாக்கியம் இருக்கும். இரண்டாம் வாசிப்பில் எடுத்த குறிப்புகளில் அதைத் தேடுங்கள்.

## 9. பக்கமும் கட்டமும்

கதை தெரிந்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரு கட்டம் என்பது அசையாத ஒரு படம். அதில் ஒரு செயல்தான் அடங்கும். எனக்கு வந்த ஸ்கிரிப்டுகளில் அடிக்கடி காணும் வகை இது:

'கட்டம் 3: டேர்டெவில் கதவைத் திறந்து உள்ளே வந்து, மேசை மேல் துப்பாக்கியைப் பார்த்து, திடுக்கிட்டுத் திரும்புகிறான்.'

இதில் நான்கு செயல். ஓவியர் ஏதோ ஒன்றைத்தான் வரைய முடியும், எதை என்று நீங்கள் சொல்லவில்லை. இன்னொரு பெரிய பிழையும் இருக்கிறது: டேர்டெவிலுக்குக் கண் தெரியாது. அவன் துப்பாக்கியைப் பார்க்க மாட்டான். திருத்தினால் இப்படி வரும்:

'கட்டம் 3: பாதி திறந்த கதவு. வாசலில் டேர்டெவில், தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, எதையோ கவனிக்கிறான். கட்டம் 4: மேசை, அதன் மேல் துப்பாக்கி, மிக அருகில். விவரிப்புப் பெட்டி: எண்ணெய் வாசனை. இன்று காலைதான் துடைத்திருக்கிறார்கள்.'

துப்பாக்கி படத்தில் இருக்கிறது, அதை அவன் உணரும் விதம் சொல்லில் இருக்கிறது. நாயகனின் தனித்தன்மை இப்படிப்பட்ட ஒரு கட்டத்தில்தான் வெளிப்படும், சண்டையில் இல்லை.

பக்கத்துக்கு 5 அல்லது 6 கட்டம் வைத்துப் பழகுங்கள். முழுப்பக்கப் படம் இதழுக்கு ஒன்று போதும். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு 35 சொல், ஒரு பலூனுக்கு 25 சொல் என்பது பழைய தொழில் கணக்கு. தமிழில் எழுதினால் சொற்கள் நீளமானவை, ஆகவே நான் கட்டத்துக்கு 20-ஐத் தாண்ட விடுவதில்லை.

அச்சிதழில் ஒற்றைப்படைப் பக்கம் வலப்பக்கம் வரும். ஆகவே வாசகரைத் திடுக்கிட வைக்கும் படம் இரட்டைப்படைப் பக்கத்தில், தாளைத் திருப்பிய உடனே இருக்க வேண்டும். வலப்பக்கத்தில் வைத்தால் இடப்பக்கத்தைப் படிக்கும்போதே கண் ஓரமாக அதைப் பார்த்துவிடும். நடுவே விளம்பரப் பக்கங்கள் வருமா என்று எடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வந்தால் இந்தக் கணக்கு மாறும்.

## 10. வில்லன்

புது வில்லனோடு வருவதற்குத்தான் எல்லோருக்கும் ஆசை. முதல் ஆறு இதழுக்கு வேண்டாம். நாயகன் யார் என்று நீங்கள் இன்னும் வாசகருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அதற்குள் இன்னொருவரையும் அறிமுகம் செய்ய இடம் போதாது.

பொருத்தமான எதிரி இல்லை என்றால் பக்கத்து வீட்டில் தேடுங்கள். கிங்பின் 1967-இல் ஸ்பைடர்மேன் கதைக்கு வந்த வில்லன். மில்லர் 1981-இல் அவனை டேர்டெவிலுக்குக் கொண்டுவந்தார். சட்டத்தை விலைக்கு வாங்கக் கூடியவன், சட்டத்தை நம்பும் வக்கீலுக்கு எதிரே நின்றதும் இரண்டு பேருமே பெரிதானார்கள். இன்று கிங்பினை டேர்டெவிலின் எதிரியாகத்தான் பலர் அறிவார்கள். அந்த வருடமே, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்த டேர்டெவில் மாத இதழாயிற்று.

## 11. துணைப் பாத்திரத்தைக் கொல்லும் முன்

தன் வருகை பெரிது என்று காட்ட, நாயகனின் காதலியையோ நண்பனையோ முதல் மூன்று இதழுக்குள் கொன்றுவிடும் ஸ்கிரிப்டுகள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. வாசகரின் துக்கம் முன்னவர் சேர்த்து வைத்த பணம். அதை ஒரே நாளில் செலவழித்துவிட்டு அடுத்த மாதம் என்ன செய்வீர்கள்?

1973-இல் 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' 121-வது இதழில் நாயகன் பீட்டரின் காதலி க்வென் ஸ்டேஸி இறந்ததைத்தான் எல்லோரும் முன்னுதாரணமாகக் காட்டுகிறார்கள். அடுத்த 122-வது இதழின் கடைசிப் பக்கத்தையும் படிக்க வேண்டும். துக்கத்தில் பீட்டர் தன் தோழி மேரி ஜேனைக் கடுமையாகப் பேசி வெளியே போகச் சொல்கிறான். விளையாட்டுப் பெண்ணாகவே இருந்த அவள் வாசல் வரை போய், கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நின்றுவிடுகிறாள். ஒரு மரணத்திலிருந்து இன்னொரு மனுஷி பிறந்தாள். ஜெரி கான்வே எழுதிய அந்தக் கதவடைப்பு இல்லாமல் அந்த மரணம் அவ்வளவு நீண்ட காலம் கதைகளைத் தந்திருக்காது. உங்கள் கதையில் அந்தக் கதவைச் சாத்துபவர் யார் என்று தெரியாவிட்டால் யாரையும் கொல்லாதீர்கள்.

## 12. முதல் இதழ் கடைக்கு வந்த பிறகு

கடிதங்களும் கருத்துகளும் வரும். படியுங்கள், குறித்து வையுங்கள், திட்டத்தை உடனே மாற்றாதீர்கள். முதல் இதழ் வெளியாகும்போது மூன்றாவது இதழை ஓவியர் வரைந்துகொண்டிருப்பார். இப்போது திருப்பினால் 2, 3 இதழ்கள் ஒரு திசையிலும் 4-வது வேறு திசையிலும் போகும். 'பிடிக்கவில்லை' என்பதைவிட 'புரியவில்லை' என்பதற்கு முதலில் காது கொடுங்கள். புரியாததை அடுத்த இதழின் ஒரே ஒரு வசனத்தில் சரிசெய்துவிடலாம்.

## 13. விட்டுப் போகும்போது

நீங்களும் ஒரு நாள் முன்னவர் ஆவீர்கள். போகும்போது எல்லா நூலையும் முடிச்சுப் போட்டுவிட வேண்டியதில்லை, அடுத்தவருக்குத் தொடக்கமே இல்லாமல் போய்விடும். நாயகனை நல்ல ஒரு நெருக்கடியில் விடுங்கள்.

மூன்று பத்திக் கடன் பட்டியலைப் புதிதாக எழுதி எடிட்டரிடம் கொடுங்கள். உடனே தீர்க்க வேண்டியவை, பிறகு தீர்க்கலாம் என்பவை, விட்டுவிடலாம் என்பவை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இதழ் எண். முகமூடிக்குப் பின்னால் இருக்கும் முகம் தெரிந்தவர்களின் பெயர்களையும் கீழே சேர்த்துவிடுங்கள். வருகிறவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.